நாற்பத்தேழு கிலோ சாமான்

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணிக் கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். மேசையின் தலைப்பக்கம், ஏ.சி. காற்று நேரே உச்சந்தலையில் இறங்கும் நாற்காலியில், திட்டத் தலைவர் தேவசகாயம். அவருக்கு வலது கைப் பக்கம், மடிக்கணினியின் சார்ஜர் வயர் எட்டும் தூரத்தில், வண்டிக்கு மூளையாக இருக்கும் புரோகிராமை எழுதிய லியாகத் அலி. எதிரே, சுவரில் விரித்த திரைக்கு முதுகைக் காட்டியபடி, பதிவுப் பிரிவுச் செண்பகவல்லி. திரையில் ஓடும் கணக்கெல்லாம் அவள் அனுப்பியதுதான். திரும்பிப் பார்க்க அவளுக்கு அவசியமில்லை. கதவை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் முனிரத்தினம், மடியில் சிவப்புத் துணி அட்டை போட்ட முகவரிப் பதிவேட்டோடு. மற்ற ஆறு நாற்காலிகளும் காலி.

"பதினாலாம் நம்பர் வண்டி மறக்க ஆரம்பிச்சிடுச்சு" என்றார் தேவசகாயம். "முழுசா மறக்கறதுக்குள்ள அதைத் திருப்பி வாங்கணும்."

ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால் இருந்த அந்தச் சோதனை நிலையத்தில் இரண்டு வருடமாக ஒரே வேலைதான். பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து இழுக்கிற சின்னக் கலப்பு வண்டி ஒன்று. அதை லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர் ஓட வைக்க வேண்டும். இருபது வண்டிகள் செய்து, இருபது குடும்பங்களுக்கு ஒரு வருடம் ஓட்டக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு வண்டியின் மூளையும் தன்னை ஓட்டுகிறவரின் காலைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும். எப்போது இன்ஜினை அணைப்பது, எப்போது பேட்டரியில் போவது, எங்கே சக்கரத்தின் ஓட்டத்தையே மின்சாரமாக்கிச் சேமிப்பது என்று அது பழகும். வருடக் கடைசியில் எந்த மூளை அதிகம் கற்றிருக்கிறதோ அதையே நகலெடுத்து, விற்கப் போகும் எல்லா வண்டிகளிலும் வைப்பதாகத் திட்டம்.

பத்தொன்பது வண்டிகள் இருபத்தெட்டிலேயே நின்றுவிட்டன. பதினான்கு மட்டும் மே மாதத்திலிருந்து மெல்ல ஏறி, ஆகஸ்டில் முப்பது புள்ளி நான்கைத் தொட்டது. அன்றைக்கு தேவசகாயம் எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். செப்டம்பரில் அது இறங்கத் தொடங்கியது. முப்பது புள்ளி ஒன்று, இருபத்தொன்பது புள்ளி எட்டு, புள்ளி ஐந்து.

"மூளையை இங்கிருந்தே எடுக்க முடியாதா லியாகத்?"

"பதிவு மட்டும்தான் சார் நமக்கு வரும். மூளை வண்டியிலதான் இருக்கு. கழட்டித்தான் எடுக்கணும்."

"அப்ப சரி. வியாழக்கிழமை டைரக்டர்கள் வராங்க. நாளைக்குச் சாயங்காலத் தபால்ல லெட்டர் போகணும். அந்த வீட்டுக்குப் புது வண்டி ஒண்ணு அனுப்பிடலாம், அவங்களுக்கும் நஷ்டமில்லை. செண்பகம், லெட்டர் எழுதிடுங்க. கூடவே, வண்டி என்ன கத்துக்கிச்சுன்னு ஒரு பக்கம் எனக்கு வேணும்."

கடிதம் எழுதுவது செண்பகவல்லிக்குக் கைவந்த வேலை. சங்கரன்கோவில் அரசுப் பள்ளியில் கற்றபடி, தேதி வலது ஓரம், பொருள் என்று ஒரு வரி, அடியில் கோடு. பெறுநர் என்ற இடத்தில் மட்டும் எண்தான் இருக்கும். எந்த வண்டி யார் வீட்டில் என்பது முனிரத்தினத்தைத் தவிர ஒருவருக்கும் தெரியக் கூடாது என்பது நிலையத்தின் விதி. அவள் கடிதத்தை ஒட்டாத உறையில் போட்டு அவர் மேசைத் தட்டில் வைப்பாள். அவர் திரும்பி உட்கார்ந்து பதிவேட்டைப் பார்த்து முகவரி எழுதி, ஒட்டி, எடுத்துப் போவார். பதிவுகளிலும் பேர் கிடையாது, ஊர் கிடையாது. மேடு, பள்ளம், பெட்ரோல், கால் அழுத்தம், இருக்கைகளின் எடை, அவ்வளவுதான்.

அரை மணி நேரத்தில் கடிதத்தை முடித்துத் தட்டில் வைத்துவிட்டு, அந்த ஒரு பக்கத்துக்காகப் பதிவுகளைத் திறந்தாள். திறந்தவுடனே ஒன்று இடித்தது.

"லியாகத், இங்க வா. பாரம் ஏறினா மைலேஜ் குறையணும்தானே?"

"அஞ்சாம் கிளாஸ் பாடம்க்கா."

"இந்த வண்டியில கூடுது."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். முதல் ஆறு மாதத்தில், ஓட்டுகிறவர் தனியாகப் போன நாட்களில் இருபத்தெட்டு. இடது இருக்கையில் ஆள் இருந்த நாட்களில் இருபத்தொன்பதரை. அதே சாலை, அதே தூரம்.

"கூட வர்றவங்க வண்டியைத் தள்ளிட்டு வராங்களோ என்னவோ."

"சிரிக்காம பாரு."

பார்த்தார்கள். செண்பகவல்லி பதிவுகளை வேகத்தடை வேகத்தடையாகப் பிரித்து அடுக்கினாள். தனியாகப் போகும்போது அந்த மனிதர் எல்லாரையும் போலத்தான்; தடைக்குப் பத்து மீட்டர் முன்னால் ஓங்கி ஒரு பிரேக், ஏறி இறங்கியதும் ஒரு மிதி. பக்கத்தில் ஆள் இருந்தால் நூறு மீட்டர் முன்பே காலை எடுத்துவிடுகிறார். வண்டி தானாகத் தளர்ந்து, நடக்கிற வேகத்துக்கு வந்து, பூனை மாதிரி ஏறி இறங்குகிறது. அந்த நூறு மீட்டரும் பேட்டரிக்கு வரவு. வண்டியும் அதைக் கற்றுக்கொண்டிருந்தது. வேறொரு இருக்கையில் பாரம் ஏறிவிட்டால், தடை தாண்டி அந்த இருக்கை ஆட்டம் நிற்கிற வரைக்கும் அது இன்ஜினை எழுப்புவதில்லை.

"அதான் முப்பது" என்றான் லியாகத். "இவ்வளவுதானா? நான் என்னவோ என் புரோகிராமுக்கு ஞானம் வந்துடுச்சுன்னு நினைச்சேன்."

"ஏன் அப்படி ஓட்டுதாரு?"

"பொண்டாட்டிக்குப் பயம்னு எழுதிடுங்க, டைரக்டருங்க ஒத்துக்குவாங்க."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே எடைப் பத்தியைக் கீழே இறக்கிக்கொண்டு போனவள் நிறுத்தினாள். ஜனவரியில் இடது இருக்கை ஐம்பத்தெட்டு கிலோ. ஏப்ரலிலும் ஐம்பத்தெட்டு. மே கடைசியில் ஐம்பத்தைந்து. ஜூனில் ஐம்பத்திரண்டு, பிறகு ஐம்பது. ஜூலை எட்டாம் தேதி நாற்பத்தெட்டு. பத்தாம் தேதியிலிருந்து பூஜ்யம்.

லியாகத்தும் பார்த்துவிட்டான்.

மே மாதத்திலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் வண்டி முப்பத்தெட்டு கிலோமீட்டர் போய், ஐந்து மணி நேரம் நின்று, திரும்பியிருந்தது. நின்ற இடம் ஆஸ்பத்திரி வாசல்தான் என்பதை அவளுக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் திறந்திருந்த ஆகஸ்ட் வரையான பதிவில், ஜூலை பத்துக்குப் பிறகும் அந்தச் செவ்வாயும் வெள்ளியும் நிற்கவில்லை. இருக்கை காலி, ஆனால் வண்டி முன்னைவிட மெதுவாக, முன்னைவிடப் பதமாகப் போயிருக்கிறது. ஆகஸ்டில் ஜாங்கிரி தின்ற முப்பது புள்ளி நான்கு, இந்தக் காலி இருக்கை நாட்களின் கணக்கு.

பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் போய்விட்டார் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். அந்த ஜாங்கிரியை அவளும் தின்றிருந்தாள்.

நாலு மணி டீயோடு வந்த முனிரத்தினம் மூவருக்குமான டம்ளர்களை மேசையில் வைத்துவிட்டு, இருவர் முகத்தையும் பார்த்தார். "என்னம்மா, ரெண்டு பேரும் ரிசல்ட் வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

அவள் திரையைக் காட்டினாள். பேர், ஊர் இல்லாத கணக்கு. காட்டுவதில் விதி மீறல் இல்லை. அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஓட்டுநர், இடது இருக்கை, சாமான் என்று மூன்று பத்திகள். கடைசிப் பத்தியில் அவர் விரல் நின்றது.

"இது என்ன, சாமான் நாப்பத்தேழு கிலோ?"

"பின்னாடி சீட்டுல ஏத்துற சுமைண்ணே. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், அந்த மாதிரி."

"செவ்வாய்க்கிழமை காலையில போகுது. சாயங்காலம் அதே நாப்பத்தேழு திரும்பி வருது. வெள்ளிக்கிழமை மறுபடி போகுது." அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "எந்த மூட்டைம்மா இப்படி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுப் போயிட்டு வரும்?"

லியாகத் டம்ளரைக் கீழே வைத்தான்.

அந்தப் பத்திக்குப் பேர் வைத்தவள் செண்பகவல்லியேதான். தேர்ந்தெடுத்த இருபதும் இரண்டு பேர் மட்டும் உள்ள குடும்பங்கள். ஒருவர் ஓட்டுவார், ஒருவர் பக்கத்தில் உட்காருவார்; பின்னால் வேறு என்ன வரப் போகிறது என்று, படிவம் தயாரித்த அன்று 'சாமான்' என்று அடித்திருந்தாள். பின் இருக்கையின் இரண்டு எடைப் பட்டைகளையும் இப்போது தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தாள். இடது பக்கம் இருபத்தொன்பது, வலது பக்கம் பதினெட்டு. உட்கார்ந்த எடை அல்ல. நீட்டிப் படுத்த எடை.

"உயிரோட இருக்காங்க" என்றாள். ஒரு மனுஷியை இரண்டு மாதம் மூட்டை என்று எழுதி வைத்திருந்த வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மறுநாள் காலை எட்டரைக்கே வந்து மிச்சப் பதிவுகளைப் பார்த்தாள். ஆகஸ்ட் கடைசி வரை சாமான் நாற்பத்தேழு. செப்டம்பர் இரண்டில் நாற்பத்தெட்டரை. ஐந்தாம் தேதி சாமான் பூஜ்யம்; இடது இருக்கையில் நாற்பத்தொன்பது. பிறகு ஐம்பது. நேற்றைய தேதியில் ஐம்பத்தொன்றே கால். வண்டியின் போக்கையும் ஒப்பிட்டாள். நூறு மீட்டர் முன்னால் எடுத்த கால் இப்போது எண்பது மீட்டரில், எழுபதில் எடுக்கிறது. ஒரு தடையில், ஒரே ஒரு தடையில், அந்த மனிதர் பழைய மாதிரி சற்று வேகமாகவே இறங்கியிருந்தார். பக்கத்தில் இருந்தவர் திட்டியிருக்க வேண்டும். அடுத்த தடையில் மறுபடி நூறு மீட்டர்.

தேவசகாயத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். முடித்ததும் அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"இது நமக்குத் தெரிஞ்சிருக்கவே கூடாது, செண்பகம்."

"தெரிஞ்சு போச்சே சார்."

"பாவம்தான். குணமாகி வரதுல சந்தோஷம். ஆனா லெட்டர் போறதுக்கும் இதுக்கும் என்ன? நாம வண்டியைப் பிடுங்கலை. புதுசு கொடுக்கிறோம்."

"புதுசு ஒண்ணும் தெரியாத வண்டி சார். இன்னும் செவ்வாயும் வெள்ளியும் போய்ட்டுதான் இருக்காங்க. மேட்டுல இறங்கின உடனே இன்ஜின் எழும்பும். குலுக்கும்."

"அவரு மெதுவா ஓட்டிக்குவாரு. காலு அவருதுதானே?"

"காலு அவருது. இன்ஜின் எப்ப எழும்பணும்னு முடிவு பண்றது மூளை."

"ரெண்டு வருஷ உழைப்பு. நாளைக்கு அவங்க முன்னாடி நான் என்ன சொல்ல? ஒரு அம்மா உடம்பு தேறிட்டாங்க, அதனால மைலேஜ் போச்சுன்னா?"

"ஒரு பத்து நிமிஷம் ட்ராக்குக்கு வாங்க சார்" என்றாள்.

ஓடுதளத்தில் இருபத்தோராவது வண்டி நின்றது. அந்த வீட்டுக்கு அனுப்ப வைத்திருந்த புது வண்டி. ஓட்டுவதற்கு முனிரத்தினம். செண்பகவல்லி பின் கதவைத் திறந்துவிட்டு நின்றாள்.

"ஏறுங்க சார். உக்காராதீங்க, படுங்க."

"விளையாடுறீங்களா?"

"அந்த அம்மா ரெண்டு மாசம் படுத்துட்டுப் போயிருக்காங்க."

தேவசகாயம் ஆறடி உயரம், எண்பத்தாறு கிலோ. முழங்காலை மடக்கி, ஷூவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, பின் இருக்கையில் சுருண்டு படுத்தார். முன்னால் லியாகத், மடியில் பதிவு. தூரத்தை அவன் சொல்லச் சொல்ல, முனிரத்தினம் அந்த மனிதரைப் போலவே நூறு மீட்டரில் காலை எடுத்தார். வண்டி தளர்ந்தது, ஏறியது, இறங்கியது. இறங்கிய வேகத்தில் இன்ஜின் எழும்பி ஓர் உலுக்கு உலுக்கியது. பின்னாலிருந்து "அய்யோ" என்று சன்னமாக ஒரு சத்தம்.

"மெதுவாத்தான் சார் போறேன்" என்றார் முனிரத்தினம், திரும்பாமலே. "இது கேக்க மாட்டேங்குது."

ஐந்து தடைகளைத் தாண்டித் திரும்பினார்கள். தேவசகாயம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இறங்கி, தரையில் சாக்ஸ் காலோடு நின்றார்.

"எத்தனை ஸ்பீட் பிரேக்கர் அந்த ரோட்டுல?"

"போக நாப்பத்தொண்ணு. வர நாப்பத்தொண்ணு" என்றாள் செண்பகவல்லி.

அவர் ஷூவை மாட்டிக்கொள்ள வெகு நேரம் எடுத்துக்கொண்டார். லேஸைக் கட்டியபடியே லியாகத்தைக் கேட்டார்: "என்ன கத்துக்கிச்சுன்னு தெரிஞ்சு போச்சில்ல. வண்டி இல்லாம அதை நீயே எழுத முடியாதா?"

"எழுதலாம் சார். நூறு மீட்டருக்கு முன்னாடி தளர்த்து, சீட்டு ஆட்டம் நிக்கிற வரைக்கும் எழும்பாதேன்னு நாலு வரி. ஆனா ஓட்டறவரு காலை எடுக்கணுமே. அவசரத்துல போறவன் மிதிச்சா மறுபடி இருபத்தெட்டுதான்."

"அப்ப முப்பதுங்கிறது நம்ம வண்டியோட நம்பர் இல்லை."

அவர் கடைசி முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"நாளைக்கு இருபத்தெட்டுன்னே சொல்லிடறேன்" என்றார் தேவசகாயம். "திட்டு எனக்குத்தான், பரவாயில்லை. லியாகத், விக்கிற வண்டியில சீட்டு சீட்டா எடை வேண்டாம். மொத்த பாரம் ஒரு நம்பரா வரட்டும், வண்டி நின்னதும் அழிஞ்சிடட்டும்." பிறகு செண்பகவல்லியிடம், "நேத்து எழுதின லெட்டர் எங்கே?"

அது முனிரத்தினத்தின் தட்டில் இருந்தது. தட்டில் வைத்த கடிதத்தைத் திரும்ப எடுக்கக் கூடாது என்பதும் விதி. அவள் முனிரத்தினத்தைப் பார்த்தாள்.

"நான் இன்னும் தட்டைப் பாக்கவே இல்லையேம்மா" என்றார் அவர்.

புதுக் கடிதம் எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. தெரியும் என்று சொன்னால் ஒட்டுக் கேட்டது மாதிரி. தெரியாது என்று காட்டினால் பொய். நான்கு தாள் கிழித்த பிறகு, தேதியை வலது ஓரம் இட்டு, பொருள் வரியின் கீழ்க் கோடு போட்டு, இப்படி எழுதினாள்:

'வணக்கம். தங்களிடம் உள்ள வண்டி டிசம்பரில் திருப்பித் தரப்பட வேண்டியது. அதற்கு அவசரமில்லை, தங்களுக்குத் தேவைப்படும் வரை தாங்களே வைத்திருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வண்டியின் இருக்கைகள் எடை பார்க்கின்றன என்பதை ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருந்தோம். முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும். அதனால் நாங்கள் கேட்காமல் தெரிந்துகொள்ளக் கூடாத ஒன்று எங்களில் நான்கு பேருக்குத் தெரிந்துவிட்டது. மன்னியுங்கள். வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால், பதிவுகளை அன்றே அழித்துவிடுவோம். பின் இருக்கையில் வந்தவரை எங்கள் படிவத்தில் தவறான பெயரில் குறித்திருந்தோம். அது இன்று திருத்தப்பட்டது.

இந்த மாதம் தங்கள் வண்டியின் மைலேஜ் குறைந்திருக்கிறது. அதைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம்.'

தேவசகாயம் இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடப் போனவர், திறந்து, கையெழுத்துக்குக் கீழே தன் கோணல் எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: 'இன்னும் குறையட்டும்.'

மூன்றே முக்காலுக்கு முனிரத்தினம் உறையை எடுத்துக்கொண்டு, வழக்கம் போலச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பதிவேட்டை விரித்தார். செண்பகவல்லி விதிப்படி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, ஒப்பந்தம் ஒருத்தர் பேர்லதான் இருக்கு. குடும்ப விவரத்துல இன்னொரு பேரும் இருக்கு" என்றார் அவர், முதுகைக் காட்டியபடியே. "அதையும் எழுதட்டுமா?"

"எழுதுங்கண்ணே. முதல்ல அதை எழுதுங்க."

பேனா உறையின் மேல் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரு வரி, நின்று, இன்னொரு வரி. பசைக் குச்சியை இழுத்தார், மடிப்பை மடக்கிக் கட்டை விரலால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அழுத்தித் தேய்த்தார். கடிதத்தைச் சட்டைப் பைக்குள் எழுத்து உள்பக்கம் இருக்க வைத்துக்கொண்டு, நாலு மணித் தபாலுக்குச் சைக்கிளை எடுத்தார்.